கோணேசர் கடலும் ஆதர் சி. கிளார்க்கும்

தமிழ் நாவல் வரலாற்றிலே திருக்கோணமலைக்குத் தனியிடம் உண்டு. தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப் பலராலும் கொள்ளப்பெறும் 'மோகனாங்கி' (1895), இவ்வூரவராகிய த. சரவணமுத்துப்பிள்ளையின் ஆக்கமாகும். எனினும், சரவணமுத்துப்பிள்ளை கடல் கடந்து சென்னையில் வாழ்ந்தவர். அவர் தம் நாவலுக்குத் தேர்ந்த களமும் நாயக்கர் காலத்துத் தமிழகமே. கோணமாமலையையும் அதன் அடியிற் புரளும் கடலையும் உலகறிய எழுதும் வாய்ப்பு, ஏறத்தாழ அறுபது ஆண்டுகளின் பின், இங்கிலாந்தின் சொமசெற் பகுதியிற் பிறந்து, சந்திரனுக்குச் செல்வதைப் பற்றிக் கதை எழுதிப் பிழைத்த ஒருவருக்கே கிடைத்தது. அவரே ஆதர் சி. கிளார்க்.

கிளார்க்கை விஞ்ஞானப் புனைகதையாசிரியராகவே உலகம் அறியும். அவர் நகைச்சுவை எழுத்தாளர் என்பதும், திரைக்கதையாசிரியர் என்பதும், போர்த்துக்கேயரால் அழிக்கப்பெற்ற கோணேசர் கோயிலின் கற்களைக் கடலடியிற் கண்டு எழுதியவர் என்பதும் நம்மவரிடையே தனித்தனியே பேசப்படுவனவன்றி ஒருங்குவைத்து நோக்கப்படுவதில்லை. ஒருங்குவைத்து நோக்கும்போது வரலாற்று மாணவர்க்கு ஓர் இடர்ப்பாடான வினா எழுகின்றது. கற்பனையையும் கேலியையும் தொழிலாகக் கொண்ட ஒருவரின் சாட்சியத்தை, இத்துணை முக்கியமான ஒரு தலத்தின் வரலாற்றிலே எவ்வளவுக்கு நம்பலாம்?

கிளார்க் 1917 டிசம்பர் 16 ஆந் திகதி மைன்ஹெட் என்னும் கடற்கரையூரிற் பிறந்தார். தந்தையைச் சிறுவயதில் இழந்த அவர், அமெரிக்க மலிவுச் சஞ்சிகைகளில் வெளிவந்த விண்வெளிக் கதைகளைப் படித்து வளர்ந்தவர். 1936 இல் இலண்டனுக்கு வந்து அரசாங்கக் கணக்காய்வுப் பகுதியில் எழுதுவினைஞரானார். அங்கே விண்வெளிப் பயணத்தைக் கனவுகண்ட இளைஞர் குழாமொன்றிற் சேர்ந்தார். தம்மைப் பற்றித் தாமே பேசிக்கொள்வதிற் சலியாத அவருக்கு நண்பர்கள் இட்ட பட்டப்பெயர் 'அகந்தை' என்னும் பொருள்பட்டது. அதனைக் கேட்டு அவர் சினந்ததாகத் தெரியவில்லை. போர்க்காலத்தில் விமானப்படையில் ராடார்க் கருவிகளுடன் பணியாற்றினார். 1945 இல், பூமியைச் சுற்றி ஒரே இடத்தில் நிற்பன போலச் சுழலும் செய்மதிகளின் மூலம் உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். 1948 இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் இயற்பியலிலும் கணிதத்திலும் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார்.

அவருடைய நகைச்சுவையின் இயல்பை அறிய 1957 இல் வெளிவந்த 'வைற் ஹார்ட் கதைகள்' என்னும் தொகுதி போதும். இலண்டனில் ஒரு தவறணை. வாரந்தோறும் அங்கே கூடும் எழுத்தாளரும் விஞ்ஞானிகளும். அவர்கள் நடுவில் ஹரி பேர்விஸ் என்றொரு புளுகர். ஒலியைக் கொண்டே ஒலியை அழிக்கும் பொறி, கடல்நீரிலிருந்து உலோகம் பிரித்தெடுக்கும் கப்பல் எனப் பேர்விஸ் அளக்கும் கதைகள் பதினைந்து. அவற்றில் விஞ்ஞானம் பெரும்பாலும் மெய். அதன்மேற் கட்டப்பெறும் நிகழ்ச்சியே புளுகு. எங்கே மெய் முடிந்து எங்கே புளுகு தொடங்குகின்றது எனக் கேட்போர் திகைக்கும்போது பேர்விஸ் தன் குவளையை முடித்துக்கொண்டு எழுந்துவிடுகின்றான். உண்மையான தவறணை பிளீற் வீதியை அடுத்த ஓர் ஒழுங்கையில் இருந்தது. அங்கே விஞ்ஞானக் கதை எழுதுவோர் வியாழன்தோறும் கூடினர். ஆனால் தொகுதியின் கதைகளெல்லாம் அங்கே எழுதப்பெற்றவையல்ல. உலகைச் சுற்றித் திரிந்த காலத்தில் எழுதப்பெற்ற அவற்றுட் கொழும்பில் உருவானவையும் உள.

அவரைக் கொழும்புக்கு இழுத்தது கடல். நீரின் அடியில் உடல் எடையற்று மிதப்பது விண்வெளியில் மிதப்பதற்கு நிகரானது என்பதே அவர் சுழியோடப் பழகியதற்கு முதற் காரணம். 1954 டிசம்பரில் அவுஸ்திரேலியப் பவளப்பாறைத் தொடரை நோக்கிச் சென்ற கப்பல் கொழும்பில் தரித்து நின்ற சில மணிநேரத்தில், தெகிவளை மிருகக்காட்சிச்சாலையிற் பணிபுரிந்த சுழியோடியான றொட்னி ஜொங்க்ளாசை அவர் சந்தித்தார். இலங்கைக் கடலின் வளங்களை ஜொங்க்ளாஸ் எடுத்துரைத்தார். 1956 இல் கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் இத்தீவுக்கு வந்தனர். சில மாதத் தங்கலாகத் தொடங்கியது அரை நூற்றாண்டாக நீண்டது.

1956 ஆம் ஆண்டு இந்நாட்டு வரலாற்றில் எத்தகைய ஆண்டு என்பதை ஈண்டு விரிக்க வேண்டியதில்லை. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய ஆண்டு அது. திருக்கோணமலைத் துறைமுகத்தில் அப்போதும் பிரித்தானியக் கொடியே பறந்தது. கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பெற்றது மறு ஆண்டு ஒக்ரோபர் 15 ஆந் திகதியே. மலையின்மேற் கோயிலில்லை, கோட்டை இருந்தது. எனினும் ஆறாண்டுகளுக்கு முன்னர், 1950 இல், நகரில் கிணறு வெட்டிய தொழிலாளர் மண்ணின் கீழிருந்து வெண்கலத் திருவுருவங்களைக் கண்டெடுத்திருந்தனர். சோமாஸ்கந்தர், சந்திரசேகரர் முதலிய அத்திருவுருவங்கள், அழிவுக்கு அஞ்சிய அடியார் புதைத்து வைத்தவை என்பது துணிபு. ஆகவே கோயிலை மீளக் கட்ட வேண்டும் என்னும் வேட்கை ஊரில் மூண்டிருந்த வேளையிலேயே இவ்விருவரும் வந்து சேர்ந்தனர்.

கோயிலின் பழமை பற்றித் தமிழ்ச் சான்றுகள் பல. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்துக்குப் பதிகம் பாடினார். தட்சிண கைலாச புராணமும் கோணேசர் கல்வெட்டும் குளக்கோட்டன் திருப்பணியையும் கோயில் நிர்வாகத்தையும் கூறுகின்றன. போர்த்துக்கேய வரலாற்றாசிரியராகிய குவேறோஸ் பாதிரியார், மலையடியிலும் இடையிலும் உச்சியிலுமாக மூன்று கோயில்கள் நின்றன என எழுதியுள்ளார். பகைவர் எழுத்தாதலின் இச்செய்தி பெறுமதி மிக்கது. தாம் இடித்ததன் அளவைக் குறைத்துக் கூறியிருத்தல் கூடும், கூட்டிக் கூறியிருத்தலும் கூடும், இல்லாததை இருந்ததாகக் கூறியிருத்தல் அரிது. 1622 ஆம் ஆண்டு சித்திரை வருடப் பிறப்பன்று, இறைவன் திருவுலாச் சென்றிருந்த வேளை, தளபதி கொன்ஸ்ரன்ரைன் டி சா கோயிலை அழித்தான் என்பது மரபு. 1624 அளவில் அக்கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பப்பெற்றது. கோட்டை வாயிலிற் பாண்டியரின் இணைக்கயல் பொறித்த கல்லைப் பிற்காலத்தவர் எல்லோரும் கண்டனர். எஞ்சிய கற்கள் கடலில் தள்ளப்பெற்றன என்று ஊரார் வழிவழியாகக் கூறி வந்தனர். கோயிலற்ற காலத்திலும் பூசகர் மலை விளிம்பில் நின்று தேங்காயும் பூவும் கடலுக்கு இட்டு வழிபட்டதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எமர்சன் ரெனன்ற் பதிவு செய்துள்ளார். அஃதாவது, முந்நூறு ஆண்டுகளாக மக்கள் எதனை நோக்கி மலர் தூவினரோ, அதனை எவரும் கண்ணாற் கண்டு எழுதவில்லை.

மரபுக்கும் சான்றுக்கும் இடையே இத்தலத்திலேயே இன்னோர் எடுத்துக்காட்டு உண்டு. சுவாமிமலை உச்சியில் ஒல்லாந்த எழுத்துடன் 1687 ஆம் ஆண்டைக் குறித்து நிற்கும் தூண், காதலனாற் கைவிடப்பெற்றுக் கடலிற் பாய்ந்த பிரான்சினா வான் றீட் என்னும் நங்கையின் நினைவுச்சின்னம் என்பது கர்ணபரம்பரை. ஒல்லாந்தப் பதிவேடுகளை ஆராய்ந்தோரோ, அவள் பின்னர் மணம்புரிந்து வாழ்ந்தாள் என்கின்றனர். பாயாத நங்கைக்கு நினைவுத்தூணாயிற்று என்பதினும், அத்தூண் பழைய கோயிலின் தூண் என்று கூறப்பெறுவதே நமக்கு முக்கியம். காதற் கதையைக் கேட்ட வெளிநாட்டார் பலரும் கல்லைப் பார்க்க மறந்தனர்.

கிளார்க் கல்லைப் பார்த்தார். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையைக் கலக்கும் மாதங்களிற் கிழக்குக் கடல் தெளிந்து அடங்கியிருக்கும். சுழியோடிகள் கிழக்கு நோக்கிப் பெயரும் காலம் அது. கிளார்க்கும் வில்சனும் மலையடியில், நானூறு அடி அளவில் நிமிர்ந்த பாறைச் சுவரின் கீழ் இறங்கினர். அலை பாறையில் மோதி மீளும் அவ்விடத்தில் நீந்துவதே துணிவு வேண்டும் செயல். அங்கே இயற்கைப் பாறைகளிடையே மனிதக் கை பட்ட கற்கள் கிடந்தன: சதுரித்த தூண்துண்டுகள், பூவேலைப்பாடு செதுக்கிய கற்கள், கட்டடத்திலிருந்து பெயர்ந்த பாளங்கள். வில்சன் படம்பிடித்தார், கிளார்க் எழுதினார். அவ்வெழுத்து, 'தப்ரபேனின் பவளப்பாறைகள்' எனப் பொருள்படும் பெயருடன் 1957 இல் வெளிவந்த நூலில் ஒரு பகுதியாயிற்று.

அந்நூலைப் புளுகர் பேர்விஸின் கதைகளோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும். இரண்டும் ஒரே ஆண்டில் வெளியானவை. ஒரே கையால் எழுதப்பெற்றவை. பிரயாண நூலிலும் நகைச்சுவை நிறைய உண்டு. ஆனால் அது திரும்பும் திசை வேறு. அங்கே கேலிக்கு இலக்காவோர் பெரும்பாலும் நூலாசிரியரும் அவர் தோழரும், அவர்களுடைய மூட்டை முடிச்சுகளுமே. வீரனாகத் தம்மைக் காட்டிக்கொள்ள விழைபவன் பாறையடியில் தான் பட்ட பாட்டைச் சிரிப்பாக எழுதமாட்டான். கடலிற் பொன் கண்டேன் எனவோ, முழுக்கோயில் கண்டேன் எனவோ அவர் எழுதவில்லை. கண்டது சிதறிய கல், அவ்வளவே. மிகைப்படுத்துவதன் நுட்பங்களை நன்கறிந்த ஒருவர், மிகைப்படுத்த எல்லா வாய்ப்பும் இருந்த இடத்திலே அதனைத் தவிர்த்தமையே அவர் சாட்சியத்துக்கு வலிமையாகும். தொழில்முறைப் புளுகர் மெய்யின் எல்லையை மற்றவரினும் நன்கறிவர் போலும்.

அதே வேளை, அச்சாட்சியத்தின் குறைகளையும் மறைத்தல் ஆகாது. கிளார்க் தொல்லியலாளர் அல்லர். அவர் நூல் தருவது பயணியின் விவரணம். எக்கல் எவ்விடத்திற் கிடந்தது என்னும் அளவுத்திட்டம் அன்று. தமிழ் அறியாதவராதலின் புராணங்களையும் கல்வெட்டுப் பாடல்களையும் பிறர் வாய்மொழியாகவும் ஆங்கிலத்தின் வழியாகவுமே அறிந்தார். மூன்று கோயில்களுள் எதன் கற்கள் கடலில் உள்ளன, அவை இடித்துத் தள்ளப்பெற்றனவா, பாறை சரிந்து வீழ்ந்தனவா என்னும் வினாக்களுக்கு அவர் எழுத்து விடையாகாது. கோயில் இருந்தது என்பதற்குச் சம்பந்தர் சான்று. இடிக்கப்பெற்றது என்பதற்குக் குவேறோஸ் சான்று. கற்கள் கடலில் உள என்பதற்கே கிளார்க் சான்று. அவரை இந்த எல்லைக்குள் நிறுத்திப் பயன்கொள்வதே முறை. நம்மவர் சிலர் ஆங்கிலேயர் ஒருவர் கண்டார் என்பதனாலேயே முழுத் தலவரலாறும் மெய்ப்பிக்கப்பெற்றது போல எழுதுவது, சம்பந்தரையும் புராணகாரரையும் ஒருசேரச் சிறுமைப்படுத்துவதாகும்.

கடலடிக் கற்கள் அடுத்து எழுந்தது வெண்திரையில். வில்சன் இயக்கி 1962 ஓகஸ்டில் வெளிவந்த 'ரன் முத்து தூவ' சிங்களத்தின் முதல் வண்ணத் திரைப்படம். காமினி பொன்சேகா கதாநாயகன், அமரதேவ இசை. திருக்கோணமலையில் எடுக்கப்பெற்ற அப்படம் கடலடிக் கோயிலையும் புதையலையும் சுற்றி அமைந்தது. கிளார்க்கின் எழுத்து வருவாய் அதற்கு முதலாயிற்று. அதற்கு முந்திய ஆண்டு மார்ச்சில், தெற்கே மகா இராவணன் கோட்டை என வழங்கும் பாறைத் தொடரில், ஒளரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்களை ஏற்றிவந்து மூழ்கிய கப்பலொன்றை வில்சன் குழுவினர் கண்டுபிடித்திருந்தனர். மெய்யான புதையலே கையில் இருந்தபோது திரைப்புதையலுக்குக் கேட்பானேன்? நாடு முழுவதும் மக்கள் திரண்டு பார்த்தனர். நீரின் அடியிலுள்ள உலகத்தை இலங்கையர் பலர் வண்ணத்திற் கண்டது அதுவே முதன்முறை.

இங்கே ஒரு முரணைக் குறித்தல் வேண்டும். அதே 1962 இல் இலங்கையின் முதல் தமிழ்த் திரைப்படமான 'சமுதாயம்' 16 மில்லிமீற்றர் சுருளில், மிகச் சிறிய வசதிகளுடன் வெளிவந்தது. தமிழ்ப் பதிகம் பெற்ற தலத்தின் கடல், தமிழிற் படமாவதற்கு முன்னரே சிங்களத்திற் படமாயிற்று. இதனைக் குறையாகக் கூறுவதற்கில்லை; பணமும் கருவியும் எங்கிருந்தனவோ அங்கே படம் பிறந்தது. ஆயினும் கோணேசர் கோயில் வழக்கிற் சிக்கிய வரலாறாக மாறிவந்த காலத்தில், சிங்களப் பார்வையாளர் இலட்சக்கணக்கில் அதன் கற்கள் கிடக்கும் கடலைக் களிப்போடு பார்த்தனர் என்பது சிந்திக்கற்பாலது. மறு ஆண்டு, 1963 மார்ச் 3 ஆந் திகதி, மலைமீது புதிய கோயிலுக்குக் கும்பாபிடேகம் நிகழ்ந்தது.

அவ்வாண்டு கிளார்க்குக்கு நல்லாண்டு அன்று. 1962 இல் இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கி அசைவற்றுக் கிடக்கச் செய்தது. எழுந்த பின்னர் எழுதி வெளியிட்டவற்றுள் ஒன்று, ராடார்ப் பணியின் குளறுபடிகளை நகையோடு கூறும் நாவல். விஞ்ஞானக் கதையல்லாத அவருடைய ஒரே நாவலும் அதுவே. 1964 இல் அமெரிக்க இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் அவரை அழைத்தார். இருவரும் நியூயோர்க்கில் அமர்ந்து, முதலில் நாவலாகவும் பின் திரைக்கதையாகவும் எழுதிய படைப்பே '2001: விண்வெளிப் பயணம்'. அதன் பின்னணியில் நடந்தது ஒரு நகைச்சுவை நாவலுக்கு உரியது. குப்ரிக் நாவலை வெளியிட இசைவு தராது ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தார். இங்கே வில்சனோ ஜேம்ஸ் பொண்டைக் கேலிசெய்யும் 'சொருங்கெத் சொரு' என்னும் படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். நாயகன் பெயர் ஜேமிஸ் பண்டா. நடித்தவர் மீண்டும் காமினி பொன்சேகா. வில்சனின் படமுயற்சிகளுக்குப் பணம் கொடுத்துக் கிளார்க் கடனாளியானார். உலகின் மிகப் பெரிய விண்வெளிப் படத்தை எழுதியவர், கொழும்பில் ஒரு சிங்களக் கேலிப்படத்தின் செலவுக்காக ஏங்கி நின்றார். அப்படம் 1967 இல் வெளிவந்தது. குப்ரிக்கின் படம் 1968 இல்.

திரைக்கதையாசிரியர் என்ற முறையில் கிளார்க் பெற்ற பாடம் கடியது. படத்தின் முதல் இருபத்தைந்து நிமிடம் அளவில் எவரும் பேசுவதில்லை. விளங்கவைக்க அவர் எழுதிய விவரணத்தை இயக்குநர் நீக்கிவிட்டார். 'ரன் முத்து தூவ'வில் பாட்டும் பேச்சும் நிறைந்திருக்க, இங்கே எழுத்தாளர் எழுதியது மௌனமாயிற்று. இருவருக்கும் ஒஸ்கார் பரிசுக்கான பரிந்துரை கிடைத்தது; பரிசைப் பெற்றவர் மெல் புறூக்ஸ், ஒரு நகைச்சுவைப் படத்துக்காக. வைற் ஹார்ட் தவறணையில் இதனைப் பேர்விஸ் கூறியிருந்தால் எவரும் நம்பியிரார்.

நீக்கப்பெற்ற விளக்கங்களை நாவலில் வைத்தார் கிளார்க். அந்நாவலிலே, பேசும் கணனிக்குக் கற்பித்தவர் கலாநிதி சந்திரா. 1982 இல் வந்த தொடர்ச்சி நாவலில் அவர் முழுப்பெயர் தெரியவருகின்றது: சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. திருக்கோணமலையிலோ யாழ்ப்பாணத்திலோ எந்தப் பாடசாலை இடாப்பிலும் காணத்தக்க பெயர். 1984 இல் அது திரைப்படமானபோது அப்பாத்திரத்தில் ஓர் அமெரிக்கர் நடித்தார். பெயரும் 'சந்திரா'வாகவே சுருங்கி நின்றது. 1950 இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட சந்திரசேகரர் திருவுருவத்தையும் இப்பெயரையும் இணைத்துப் பேசுவது தற்செயலைச் சான்றாக்கும் தவறாகும். எனினும், தமிழ் அறியாத இந்நாவலாசிரியர் எதிர்காலத்தின் மிகக் கூரிய அறிவுக்கு ஆசானாகத் தமிழர் ஒருவரை நிறுத்தினார் என்பதைத் தமிழ் வாசகர் கவனியாமல் விடுவதற்கில்லை.

பின்னைய வாழ்வு பலரும் அறிந்தது. 1975 இல், இந்தியாவின் செய்மதிக் கல்வி ஒளிபரப்புக்கென அந்நாட்டுப் பொறியியலாளர் அவர் கொழும்பு இல்லத்தில் ஏற்பியொன்றை அமைத்துத் தந்தனர். இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியதோ 1979 இல். அதே ஆண்டு அவர் மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தரானார். 2002 வரை அப்பதவியிலிருந்தார். முதுமையில் வாதத்தின் எச்சம் திரும்பி வந்து அவரைச் சக்கர நாற்காலியில் இருத்தியது. நிலத்தில் நடக்க இயலாத காலத்திலும் நீரில் மிதக்க இயன்றது என்பதில் அவருக்குப் பெருமகிழ்ச்சி இருந்தது.

மலையடியில் ஒன்றாக இறங்கிய இருவரும் வெவ்வேறு கரைகளில் ஏறினர். வில்சன் படத்தொழிலைத் துறந்து, கதிர்காமத்து முருகனிடம் ஈடுபட்டு, சுவாமி சிவகல்கி எனப் பெயர் பூண்டார். 1995 இல் மறைந்தார். கோணேசர் கடலிலிருந்து மீட்கப்பெற்றதாகக் கூறப்படும் சுயம்பு இலிங்கத்தோடு அவர் பெயரும் இணைத்துப் பேசப்படுகின்றது. கிளார்க் 2008 மார்ச் 19 ஆந் திகதி கொழும்பிற் காலமானார். தமது இறுதிச் சடங்கில் எச்சமயக் கிரியையும் இடம்பெறலாகாது என அவர் எழுதி வைத்திருந்தார். பொரளைக் கனத்தையில் அவ்வாறே அடக்கம் செய்யப்பெற்றார்.